ஒரு மிருதங்கம் மேடைக்கு வந்த வழி

பண்ருட்டிப் பக்கம் முற்றிய பலாமரம் ஒன்று விலைக்கு வந்தால், அடிமரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிப் போக ஆள் உண்டு. இளமரத்தில் நாதம் நிற்காது. வைரம் ஏறியிருக்க வேண்டும். அறுத்து, உள்ளே குடைந்து, வெளியே கடைந்து, நிழலில் நெடுநாள் ஆறப் போட்டால் இரண்டு பக்கமும் வாய் திறந்த, நடுவயிறு பருத்த கூடு ஒன்று கிடைக்கும். அதற்குப் பெயர் கட்டை. தாழ்ந்த சுருதிக்கு 24 அங்குல நீளம், உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலம் என்பது பொதுவான கணக்கு. இந்தக் கட்டம் வரை அதைத் தொட்ட மரம் வெட்டியையோ லாரிக்காரரையோ தச்சரையோ யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. மரம் தொட்ட கைக்குத் தீட்டு கிடையாது.

தோல் வரும்போது நிலைமை மாறுகிறது.

மிருதங்கத்துக்குப் பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் வேண்டும். வலக்கை விழும் வலந்தலைக்கும் இடக்கை விழும் தொப்பிக்கும் தோலின் அடுக்கு வேறு, கனம் வேறு. இரண்டு தலைகளையும் இழுத்துப் பிடிக்கும் வார் எருமைத்தோலில் அறுக்கப்படுகிறது. எந்த வயது மாடு, எத்தனை கன்று ஈன்றது, முதுகுத் தோலா வயிற்றுத் தோலா, எங்கே தழும்பு இருக்கிறது என்பதையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தே அறிய வேண்டும். வாங்குமிடம் இறைச்சி வெட்டுமிடம். தோல் ஈரத்தோடும் ரத்தத்தோடும் கொழுப்போடும் வரும். அதைக் கழுவி, முளையடித்து இழுத்து, வெயிலில் காயப் போட்டு, ஒட்டியிருப்பதையும் முடியையும் சிரைத்து எடுக்க வேண்டும். அந்த வாடை கையை விட்டு லேசில் போகாது. இந்த வேலையைச் செய்கிறவர் தமிழ்நாட்டில் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர். மயிலாப்பூரின் சந்துகளில், கச்சேரி கேட்கப் போகிற தெருக்களுக்கு எட்டின தூரத்திலேயே, இப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

தோல் எல்லா இடத்திலும் தாழ்ந்த பொருள் அல்ல. அடையாற்றில், சர்தார் பட்டேல் சாலையில், 1948-இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தோலின் நாரும் புரதமும் விஞ்ஞானம். நிலையத்தின் இயக்குநராக இருந்த நாயுடம்மா உலகப் புகழ் பெற்றார். அந்த வளாகத்தில் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கிய பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிற வீட்டார், தோல் தொடுகிறவர் என்று தயங்குவதில்லை. அதே நகரத்தில், ஒற்றை அறை வீட்டின் முன்புறத்தில் உட்கார்ந்து தோல் சிரைக்கிறவருக்கு மட்டும் அந்தத் தோல் பிறவி அடையாளமாக ஒட்டிக்கொள்கிறது. அருவருப்பு தோலின் மீது இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் இருந்திருக்க வேண்டும்.

பட்டறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரசிகர்களாகிய நமக்கு மிகக் குறைவாகத் தெரிந்த பகுதி இதுதான். காய்ந்த தோலை வட்டமாக அறுத்து, ஊற வைத்து, அடுக்கி, விளிம்பில் தோல் வாரால் பின்னல் போட்டு மூட்டு கட்டுகிறார்கள். பின்னலைச் சுற்றி 16 கண்கள். ஒரு தலையின் கண்ணிலிருந்து மறு தலையின் கண்ணுக்கு வார் ஓடுகிறது. பிறகு வார் பிடிக்க வேண்டும். காலைக் கட்டையில் உதைத்துக்கொண்டு, முழு உடம்பின் பலத்தையும் போட்டு, ஒவ்வொரு வாராக இழுக்கிறார்கள். எல்லாக் கண்ணும் ஒரே சுருதி பேச வேண்டும். ஒரு கண் கொஞ்சம் தளர்ந்தாலும் வித்வானின் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். அவர் கண்டுபிடிப்பதற்கு முன் இவர் காது அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அடுத்தது சாதம். வலந்தலையின் நடுவில் கறுப்பாக வட்டமாகத் தெரிகிறதே, அது. கிட்டான் கல்லைத் துணியில் சலிக்கும் அளவுக்கு இடித்து, வடித்த சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாக எடுத்துத் தோலில் அப்பி, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார்கள். ஒரு பூச்சு காய்ந்த பின் அடுத்தது. நடுவில் கனமாகவும் ஓரம் போகப் போக மெலிதாகவும் வர வேண்டும். தேய்க்கத் தேய்க்க அந்தக் கறுப்பு வட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகளாகப் பிரியும். அந்த வெடிப்பு இல்லாவிட்டால் தோல் அசையாது, நாதம் மூடிக்கொள்ளும். அளவுக்கு மேல் வெடித்தால் சாதம் உதிர்ந்துவிடும். எப்போது நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. தேய்க்கிறவர் நடுநடுவே தட்டிப் பார்த்துத் தீர்மானிக்கிறார். கடைசியில் வலந்தலையின் தோல் அடுக்குகளுக்கு நடுவே குச்சித் துணுக்குகளைச் செருகினால் குச்சி மிருதங்கம், கல் துணுக்குகளைப் போட்டால் கப்பி மிருதங்கம். இரண்டுக்கும் தொனி வேறு. எந்தக் கண்ணுக்குள் எந்த அளவுத் துணுக்கு என்பதும் காதின் முடிவுதான்.

1920-இல் சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். சாதாரணத் தோல் முழவில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகாது. ஆகவே அது சத்தம் போடும், சுருதி சொல்லாது. நடுவில் கனம் ஏற்றிய மிருதங்கத்திலும் தபலாவிலும் மேற்சுரங்கள் தந்தி வாத்தியத்தில் போல ஒழுங்காக அமைகின்றன என்று அவர் காட்டினார். 1934-இல் இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் இதையே விரிவாக எழுதினார். அந்தக் கட்டுரைகள் இன்றும் ஒலியியல் மாணவர்களின் வாசிப்பில் இருக்கின்றன. அவற்றின் பொருள் சாதமும் தோல் அடுக்கும் சேர்ந்து செய்யும் வேலை. சாதத்தை எங்கே தடிப்பாக, எங்கே மெலிதாகப் பூசினால் மேற்சுரம் ஒழுங்குக்கு வரும் என்று தலைமுறை தலைமுறையாகச் சோதித்து அறிந்தவர்களின் கையறிவைத்தான் ராமன் கணக்கில் எழுதிக் காட்டினார் என்று நான் சொல்வேன். அந்தச் சோதனைக்கு ஏடு இல்லை. ஏடு இல்லாத அறிவை நம் சமூகம் வேலை என்று அழைக்கும். ஏட்டில் ஏறியதைக் கலை என்றோ சாஸ்திரம் என்றோ அழைக்கும். எந்த அறிவு ஏட்டில் ஏற வேண்டும் என்று முடிவு செய்த கைகளும் குறிப்பிட்ட சில வீடுகளின் கைகள்தான்.

இது நேற்றைய வழக்கமும் அல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் விரிவாகச் சொல்கிறது. அரங்கின் நீள அகலம்கூட அங்கே உண்டு. தண்ணுமைக்குத் தோல் போர்த்தியவன் அங்கே இல்லை.

இந்தப் பெயரில்லாத வரலாற்றில் நமக்குத் தெரிய வந்த முதல் பெயர்களுள் ஒன்று தஞ்சாவூர்ச் செபாஸ்டியன். ஊர் வாயில் செவித்தியான். அவர் வழிவந்த குடும்பம் பல தலைமுறைகளாக மிருதங்கம் செய்துவருகிறது. அதில் வந்த பர்லாந்து, அதாவது ஃபெர்னாண்டஸ், பாலக்காடு மணி ஐயருக்கு நெடுங்காலம் மிருதங்கம் செய்து கொடுத்தார். மணி ஐயர் (1912–1981) தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் சீடர். 1966-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பெற்ற முதல் மிருதங்க வித்வான். அவர் தொப்பியிலிருந்து எழுப்பிய கும்கியை நினைத்து இன்றும் பெரியவர்கள் கண் கலங்குகிறார்கள். அந்த நாதம் அவர் விரலில் மட்டும் பிறந்ததல்ல. இந்தத் தோல் சரியில்லை, அந்தச் சாதத்தைக் கொஞ்சம் இறக்கு, இங்கே வார் தளர்கிறது என்று அவர் கேட்க, பர்லாந்து மாற்ற, மறுபடி அவர் தட்டிப் பார்க்க, இப்படி ஆண்டுக்கணக்காக இரண்டு காதுகள் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்த நாதம் அது. பர்லாந்துவின் திறமையை மணி ஐயர் மதித்தார் என்பதில் ஐயம் இல்லை.

மதிப்பு ஒருபுறம் இருக்க, இடம் வேறொரு சங்கதி. மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் கதையைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பல ஊர்களுக்குப் போய்க் கேட்டு எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் 2020-இல் வெளியானது. வித்வான்களின் வீட்டுக்குள் தங்களால் எவ்வளவு தூரம் போக முடிந்தது, எங்கே உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்பதையெல்லாம் அந்தக் குடும்பத்தினர் அதில் பேசியிருக்கிறார்கள். அதில் மனத்தைத் தைப்பது, கொடுமைக்காரர் என்று சுட்டிக்காட்ட அங்கே யாரும் கிடைப்பதில்லை என்பது. நல்ல மனிதர்கள், பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தவர்கள், உடம்பு சரியில்லை என்றால் விசாரித்தவர்கள். அவர்களே ஒரு கோட்டைத் தாண்டாமலும் இருந்தார்கள், தாண்ட விடாமலும் இருந்தார்கள். பாரபட்சத்துக்குக் கோபம் தேவையில்லை. பழக்கம் போதும்.

மேடைக்கு ஏறிய பின்னும் அந்தப் பழக்கம் மிருதங்கத்தை விடவில்லை. பழனி சுப்ரமணிய பிள்ளை இடக்கை வாசிப்பவர். அவர் வாசித்தால் வலந்தலை சபையைப் பார்க்க, மிருதங்கமும் வயலினும் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்கு மனமில்லாமல் அவரைப் பக்கவாத்தியமாக ஏற்கத் தயங்கியவர்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் பிடிவாதமாக அவரை உடன் வைத்துக்கொண்டதால்தான் பழனியின் வாசிப்பு நாட்டுக்குக் கிடைத்தது. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று பெரிய மிருதங்க வித்வான்கள் இருந்த காலமும் உண்டு. மணி ஐயரே நெடுநாள் அப்படி இருந்து, பின்னர் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் பயின்ற திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கத்தில் தேர்ந்தவர். சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலேயே மேடையில் வாசித்தவர். அவரை அறிந்த ரசிகர்கள் எத்தனை பேர்? விக்கு விநாயக்ராமின் சிஷ்யை சுகன்யா ராம்கோபால் கடம் வாசிக்க மேடைக்கு வந்தபோது, பெண்ணோடு சேர்ந்து வாசிக்க மறுத்த மிருதங்க வித்வான்களைச் சந்திக்க நேர்ந்தது. கையும் பாலும் சாதியும் நாதத்தில் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கப் பழகிவிட்டோம்.

பசுவைப் பற்றிப் பேசாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. சரஸ்வதி பூஜையன்று மிருதங்கத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூ வைத்து, விழுந்து கும்பிடுகிறோம். நந்தி வாசித்த வாத்தியம் என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோம். வலந்தலையில் இருப்பது பசுத்தோல் என்பது வாசிக்கிறவருக்குத் தெரியும். கேட்கிறவர் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டாலும், தானாக இறந்த மாட்டின் தோல் என்று ஒரு பதில் தயாராக இருக்கும். செய்கிறவர்களின் அனுபவம் வேறு. நோயில் விழுந்த மாட்டின் தோலில் நாதம் வராது, வெட்டி ரத்தம் வடிந்த மாட்டின் தோல்தான் ஆகும் என்கிறார்கள் அவர்கள். பெங்களூரில் கே. வரதரங்கன் செயற்கைப் பொருளால் மிருதங்கம் செய்திருக்கிறார். உமையாள்புரம் சிவராமன் கண்ணாடியிழைக் கட்டையை முயன்று பார்த்தார். உயிர்வதை வேண்டாம் என்று அந்த வழியில் போகிறவர்களின் எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இருக்கிற மிருதங்கத்தை வைத்துக்கொண்டு, அதற்குள் நடந்த சாவை ஒரு சாராரின் கையில் மட்டும் எழுதிவிட்டு, நாதத்தை நம் கணக்கில் எழுதிக்கொள்வது வேறு. பசுவைத் தெய்வம் என்கிறவர் அதன் தோலில் வாசிக்கிறார், புனிதம் அவரிடம் இருக்கிறது. தோலைக் கொண்டுவந்து கொடுத்தவரிடம் தீட்டு இருக்கிறது. ஒரே தோல் கை மாறும்போது இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிற வேலையைச் சாதி செய்கிறது.

இதைச் சொன்னதற்காகத்தான் 2020-இல் கிருஷ்ணாவின் அந்த நூலுக்கு இடம் மறுக்கப்பட்டது. பிப்ரவரி 2 அன்று கலாக்ஷேத்ராவின் ருக்மிணி அரங்கத்தில் வெளியீடு என்று ஏற்பாடாகியிருந்தது. சில நாள்கள் இருக்கும்போது ஒரு நாளிதழில் நூலின் பகுதி வந்தது. உடனே கலாக்ஷேத்ரா அனுமதியைத் திரும்பப் பெற்றது. தாங்கள் மத்திய அரசின் கலாசார அமைச்சகத்தின் கீழுள்ள நிறுவனம், அரசியல், சமூக, கலாசார நல்லிணக்கத்தைக் குலைக்கக்கூடிய நிகழ்ச்சியை அனுமதிக்க இயலாது என்பது சொல்லப்பட்ட காரணம். வெளியீடு தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. ராஜ்மோகன் காந்தியும் தொல். திருமாவளவனும் அங்கே வந்தார்கள்.

கலாக்ஷேத்ராவை ஒரே வார்த்தையில் குற்றம் சாட்டிவிட்டு நகர எனக்கு மனமில்லை. 1936-இல் அடையாற்றில் ருக்மிணி தேவி தொடங்கி, பின்னர் திருவான்மியூருக்குப் போன அந்த நிறுவனம் நாட்டியத்துக்கும் சங்கீதத்துக்கும் நெசவுக்கும் செய்தது அதிகம். ருக்மிணி தேவி விலங்குகளுக்காக உண்மையாகவே உருகியவர். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த மசோதாதான் 1960-இன் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. தேவரடியார் குடும்பங்களின் சதிராட்டத்தைக் கற்று, அதைப் ‘பக்குவப்படுத்தி’ மேடையேற்றியவரும் அவரே. அந்த மரபைச் சுமந்து வந்த பெண்கள் பின்தள்ளப்பட்ட வரலாற்றை இன்று பலரும் எழுதிவிட்டார்கள். கலாக்ஷேத்ராவில் மிருதங்கம் கற்றுக் கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த மரநிழலில் யாராவது ஒரு மாணவர் தோலில் விரல் பதிக்கிறார். அந்தத் தோலைக் கட்டியவர்களின் கதைக்கு மட்டும் அந்த அரங்கில் ஒரு மாலை நேரம் கிடைக்கவில்லை. நல்லிணக்கம் குலையும் என்ற அச்சத்தில், யாருடைய மனம் புண்படும் என்று எண்ணிப் பார்த்தார்கள்? இத்தனை காலமும் பெயர் சொல்லப்படாதவர்களின் மனம் அந்தக் கணக்கில் வந்ததா?

சட்டத்திலும் இந்தத் தலித் கிறிஸ்தவர்களின் நிலை சங்கடமானது. 1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணை, இந்துக்கள் அல்லாதவரை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதி திராவிடரிலிருந்து கிறிஸ்தவம் தழுவியோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது ஆணையின் அனுமானம். தோல் சிரைக்கிறவருக்கு அது போகவில்லை என்பதைச் சபாவின் படிக்கட்டும் சொல்லும், பல ஊர்களில் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டமும் சொல்லும். 2022-இல் மத்திய அரசு இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில், கிறிஸ்தவம் தழுவிய ஆதி திராவிடருக்கும் அட்டவணைச் சாதியினருக்கான உரிமை வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

இதற்கிடையில் வேலை நிற்பதில்லை. மார்கழி நெருங்கும்போது மிருதங்கங்கள் மூட்டைகட்டி பட்டறைக்கு வந்து சேர்கின்றன. சாதம் உதிர்ந்தது, வார் தளர்ந்தது, தொப்பி கிழிந்தது, எல்லாம் நாளைக்கே வேண்டும். தியாகராய நகரில் வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும், டி.டி.கே. சாலையில் அகாடமியும் நாரத கான சபாவும், மயிலையில் ரசிக ரஞ்சனி சபாவும் நிரம்பும் அந்த வாரங்களில் இவர்கள் தூங்குவது சொற்பம். மிருதங்கம் செய்யும் வீடுகளில் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலுக்கு வர விரும்பவில்லை. அப்பாவின் கைவாடையைப் பள்ளிக்கூடத்தில் மறைக்க வேண்டியிருந்த பிள்ளையிடம், இது பெரிய கலை, விட்டுவிடாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பெருமையை அவர்கள் வீட்டு வாசலில் இவ்வளவு காலமும் நாம் வைக்கவே இல்லையே.

சபாக்கள் கச்சேரிக்குக் கச்சேரி அச்சடிக்கும் நிகழ்ச்சி நிரலில் பாடகர், வயலின், மிருதங்கம், கடம், தம்பூரா, எல்லார் பெயரும் இருக்கிறது. உணவக விளம்பரமும், பட்டுப்புடவைக் கடை விளம்பரமும், மைக்செட் வைத்தவரின் பெயரும் இருக்கிறது. மிருதங்கம் செய்தவரின் பெயருக்கு ஒரு வரி போதும். தனி ஆவர்த்தனம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் பாடகர் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களைச் சொல்வது வழக்கம். மிருதங்க வித்வான் அப்போது மைக்கை வாங்கி, இந்த வாத்தியத்துக்கு மூட்டு கட்டியவர் இன்னார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லலாம். அவருக்கு அந்த மூன்றாவது வரிசையில் சபா ஒரு டிக்கெட் கொடுக்க வேண்டும். வரப்போகிற மார்கழியிலேயே இதைத் தொடங்க எந்தச் சட்டத்துக்கும் ஆணையத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.